எண்ணெய் பூசிய முட்டைகள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து பிள்ளைகள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுத இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விடும். ஆகவே இதை நான் சொல்லச் சொல்ல என் மகளின் மகள் எழுதுகிறாள். ஒஸ்லோவில் பிறந்தவள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். "அம்மம்மா, நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதவோ?" என்று கேட்டாள். "இல்லை, புத்தகத்திலை வாறமாதிரி எழுது. ஆனால் நான் சொல்லாததைச் சேர்க்காதை" என்று சொல்லியிருக்கிறேன்.

நடந்தது போன வருடம், வசந்தம் தொடங்கி ஜூன் வரைக்கும். இடம், ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் எங்கள் மாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே இருக்கும் ஏரி. பெரிய ஏரியல்ல. நின்று நின்று நடந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஒரு சுற்று வந்துவிடலாம். ஒரு பக்கம் நாணல், மறுபக்கம் பிள்ளைகள் குளிக்கிற சின்ன மணற்கரை, நடுவில் புல் வளர்ந்த ஒரு திட்டு. திட்டுக்குப் போக ஒரு பலகைப் பாலம்.

அந்த ஏரிக்கு நான் போகத் தொடங்கியது நடப்பதற்காக அல்ல, காகத்துக்காக. என் கணவர் காலமான பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் சைவமாகச் சமைத்து, முதற் பிடியைக் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். முதலில் பல்கனியில் வைத்தேன். காகத்தோடு புறாக்களும் வந்து கீழ்வீட்டுக்காரரின் கதிரை மேசையெல்லாம் எச்சமாக்கிவிட்டன. குடியிருப்புச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, பல்கனியில் பறவைக்குத் தீனி போடக்கூடாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத் தாளில் சோற்றையும் கறியையும் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். பலகைப் பாலத்தடியில் தட்டையான கல் ஒன்று இருந்தது. அதுதான் எனக்குப் படையல் கல்.

இந்த ஊர்க் காகத்துக்குச் சாம்பல் நிற உடம்பு, கறுத்த தலை. முதல் தரம் கண்டபோது இதுவும் காகந்தானா, இதற்கு வைத்தால் அவருக்குப் போய்ச் சேருமா என்று எனக்குச் சந்தேகம். அது கரைந்ததைக் கேட்ட பிறகுதான் மனம் ஆறியது. ஆனால் நான் சோற்றை வைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிட, காகத்துக்கு முன்னால் வாத்துகள் வந்து நின்றன. நீண்ட கறுத்த கழுத்து, கன்னத்தில் வெள்ளைப் பட்டி, நல்ல எடுப்பான நடை. அவருக்கென்று வைத்த பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இவைகளின் வயிற்றுக்குப் போயின. காகம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

இவைகளுக்குக் கனடா வாத்து என்று பெயராம். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பிக்கு இதை ரெலிபோனில் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, எங்கடை சனம் முழுக்கக் கனடாவுக்கு ஓடிவர, கனடா வாத்து உங்கை ஓடி வந்திருக்கோ? அத்தானின்ரை சோத்தை மறிச்சுத் தின்னவெண்டே பிளேன் ஏறியிருக்கும்!"

அப்படி ஓர் அமாவாசை நாளில்தான் பறவைக்கார மனிசி என்னைப் பிடித்தார். நான் அவரை அப்படித்தான் சொல்வது வழக்கம். என் வயதுதான் இருக்கும். நரைத்த ஒற்றைப் பின்னல், றப்பர்ச் சப்பாத்து, நெஞ்சில் தொங்கும் தொலைநோக்கி. முன்பு டிராம் ஓட்டினவராம். வாத்துக்குச் சோறு போடக்கூடாது என்று அவர் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது வாத்துக்கு இல்லை, என் கணவருக்கு என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, உங்கள் கணவர் எங்கே என்று கேட்டார். செத்துவிட்டார் என்றேன். அப்போ இந்தச் சோறு? அது காகத்துக்கு.  அவர் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து, "எனக்கு அவசரமில்லை. ஆறுதலாகச் சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். நான் பேசும் நோர்வே பாசையைக் கேட்டு அவருக்கு நல்ல சிரிப்பு. ஒஸ்லோவில் இருந்துகொண்டு வடக்குக் கடற்கரைக்காரர் மாதிரிக் கதைக்கிறீர்களே என்றார். என் கணவர் எண்பதுகளில் வட நோர்வேயில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து மீன் பக்டறியில் சேர்ந்தவர். பிறகு நானும் பிள்ளைகளோடு வந்து அதே பக்டறியில் அவருக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டினேன். "மீன் வெட்டிக்கொண்டு படிச்ச பாசை. வேறை எப்பிடி வரும்?" என்றேன். அன்றைக்கே நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம்.

சோற்று விசயத்தையும் அவரே தீர்த்துவைத்தார். ஒரு பிடி போதும், காகம் எடுக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். இந்த வாத்துகளை யாரோ பழைய காலத்தில் வேட்டைக்கும் அழகுக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். அவை பெருகிவிட்டன. கரைப் புல்லை வழித்துத் தின்கின்றன, குளிக்கிற தண்ணீர் எச்சத்தால் பச்சையாகிறது, நாணலுக்குள் கூடு கட்டும் சின்னப் பறவைகளுக்கு இடமில்லாமல் போகிறது. மனிதர் போடுகிற பாணும் சோறும்தான் அவைகளை இந்த ஏரியை விட்டுப் போகாமல் வைத்திருக்கின்றன, நகரசபை இவைகளைக் குறைக்கப் பார்க்கிறது என்றார். அதைக் கேட்டபோது எனக்குத் தலை குனிந்தது.

இதை நான் வீட்டில் சொன்னபோது என் இளைய மகன், "அம்மா, வெளிநாட்டு வாத்தைக் குறைக்கப் போகினமாம். அடுத்தது நாங்கள்தான்" என்று பகிடி விட்டான். எனக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. "நான் வாத்தில்லை. முதுகு முறிய வேலை செய்து வரி கட்டின மனிசி. என்னை அதோடை சேர்க்காதை" என்றேன். இதை வாசிக்கிறவர்களும் சேர்க்க வேண்டாம்.

பறவைக்கார மனிசி ஏரியில் பறவை எண்ணுகிறவர். சம்பளம் இல்லை, யாரும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. அவரைப் போல நாடு முழுக்க ஏரிக்கு ஏரி, கடற்கரைக்குக் கடற்கரை ஆட்கள் எண்ணுகிறார்களாம். எது கூடுகிறது, எது குறைகிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வருவது இப்படிப்பட்ட சாதாரண சனம் எண்ணிச் சொல்வதால்தானாம். அமாவாசை தவறாமல் வருகிறீர்களே, நீங்களும் சேருங்கள் என்றார். எனக்கு எழுத வராது என்றேன். எழுத நான் இருக்கிறேன், எண்ணத் தெரியுமா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சண்டைக்குள் ஐந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடினவள் நான். ஓட ஓடத் திரும்பிப் பார்த்துத் தலைகளை எண்ணினவள். எண்ணத் தெரியுமா என்று என்னையா கேட்பது?

ஆனால் அவருடைய எண்ணிக்கைக்கு ஒரு சட்டம் இருந்தது. கண்ணால் கண்டதை மட்டும்தான் எண்ணலாம். நேற்று நின்றது, வழக்கமாக நிற்கிறது, அங்கே மறைவில் இருக்கும் என்பதெல்லாம் கணக்கில் வராது. அந்த ஏரியில் ஒரு சோடி அன்னம் இருந்தது. நோர்வேக்கு வருமுன் நான் அன்னத்தைச் சரஸ்வதி படத்திலும் கோயில் வாகனத்திலும்தான் பார்த்தவள். இதைக் கண்டால் இன்னமும் கை தானாகக் குவியும். ஒரு நாள் இலையுதிர் காலத்தில் போனால் ஒன்றுதான் நின்றது. மற்றதைப் பல நாட்களாகவே காணவில்லை. "அது செத்துப்போச்சு. அப்பிடியே எழுதுங்கோ" என்றேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். செத்ததைக் கண்டால்தான் செத்தது என்று எழுதலாம். காணாவிட்டால், இன்றைக்கு இங்கே காணவில்லை என்று மட்டும்தான் எழுதவேண்டும், அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத எங்களுக்கு உரிமையில்லை என்றார்.

நான் வாங்கில் இருந்துவிட்டேன். அவருக்கு ஏனென்று விளங்கவில்லை. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று பேச்சை மாற்றினார். ஐந்து என்றேன். எல்லாரும் நோர்வேயிலா? நாலு பேர் இங்கே. "மூத்தவனைக் காணவில்லை" என்றேன்.

மூத்தவனைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் நோர்வேக்கு வந்தபோது அவனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கான விசா அவனுக்குக் கிடைக்கவில்லை. ஊரில் என் தாயோடு நின்றான். பிறகு வன்னிக்குப் போனான். கடைசிச் சண்டை முடிந்து சனம் வெளியே வந்தபோது அவனும் வந்து ஒரு பஸ்ஸில் ஏறினதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். கண்டதாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. தேடாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. என் கணவர் அந்தக் கவலையோடுதான் கண்ணை மூடினார்.

எங்கள் வீட்டில் செத்தவர்களின் படம் சாமியறைப் பக்கம் சுவரில், மாலையோடு. இருக்கிறவர்களின் படம் சோக்கேசின் மேல். மூத்தவனின் படம் சோக்கேசின் மேல்தான் நிற்கிறது. அதை அசைக்க நான் யாரையும் விட்டதில்லை. அவனுக்கு அந்தியேட்டி, அதாவது செத்தவர்களுக்கான கிரியை, செய்யவேண்டும் என்று என் மூத்த மகள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உடல் இல்லாவிட்டாலும் தர்ப்பையில் உருவம் வைத்துச் செய்யலாம் என்று ஐயர் சொன்னாராம். கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் எழும்பிக் குசினிக்கு, அடுப்படிக்குப் போய்விடுவேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன வருட வசந்தத்தில், பனி உருகினதும், ஒரு கனடாப் பேட்டுவாத்து அந்தத் திட்டில் கூடு வைத்தது. என் படையல் கல்லுக்கு நேரே. என் சோற்றுக்குப் பழகித்தான் அது அங்கே வைத்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அதன் ஆண்வாத்து பாலத்தடியில் காவல் நிற்கும். யார் போனாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு சீறி வரும்.

சில நாட்களில் கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, அனுமதியோடு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களோடு பறவைக்கார மனிசியும் நின்றார். ஒருவர் குடையை விரித்துப் பிடித்து வாத்துகளைத் தள்ளி நிறுத்தினார். மற்றவர் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். மிதந்தால் உள்ளே குஞ்சு வளர்ந்துவிட்டது, தொடக்கூடாது. தாழ்ந்தால் தொடலாம். எல்லாம் தாழ்ந்தன. பிறகு ஒரு போத்தலிலிருந்து எண்ணெய் எடுத்து முட்டை முழுக்கப் பூசி, இருந்தபடியே கூட்டுக்குள் வைத்து, வாத்தின் சிறகுப் பஞ்சால் மூடிவிட்டார்கள். நாங்கள் பொரிக்கிற எண்ணெய் மாதிரித்தான் இருந்தது. பூசினால் முட்டைக்குள் காற்றுப் போகாது, அதற்குமேல் ஒன்றும் வளராது.

ஏன் எடுத்துக்கொண்டு போகவில்லை, ஏன் உடைக்கவில்லை என்று கேட்டேன். எடுத்தால் வேறு இடத்தில் போய்த் திரும்பவும் முட்டை இடும், முட்டை இருந்தால் அடைகிடக்கும் என்றார் பறவைக்கார மனிசி.

"எவ்வளவு காலம்?" என்றேன்.

"அதுக்கே விளங்கும்வரைக்கும்" என்றார். அவருடைய முகமும் நன்றாக இல்லை. எனக்கு இது சந்தோசமான வேலையென்று நினைக்காதீர்கள் என்றார். இந்த நாட்டில் எல்லாரும் படம் பிடிக்கும் அன்னத்தையே அமெரிக்காவில் வேண்டாத பறவை என்று எண்ணி, அதன் முட்டைக்கு இப்படித்தான் எண்ணெய் பூசுகிறார்களாம். சரஸ்வதியின் வாகனத்துக்கா என்று நான் வாயைப் பிளந்தேன். பிழை பறவையில் இல்லை, கொண்டுவந்து விட்டவனில் என்றார்.

குடையை மடக்கினதும் பேட்டுவாத்து ஓடி வந்தது. அலகால் முட்டைகளைப் புரட்டிச் சரிபார்த்தது. பிறகு இறகை விரித்து, மெல்லப் பதிந்து, அதன் மேல் இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஏரிக்குப் போனது எண்ணுவதற்காக இல்லை, அதைப் பார்ப்பதற்காக. மழையிலும் கிடந்தது, வெயிலிலும் கிடந்தது. "எடியே, எழும்பிப் போவன். உள்ளுக்கு ஒண்டும் இல்லையடி" என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஊரில் அடைக்கோழி எழும்பாவிட்டால் தண்ணீரில் முக்கி எடுப்போம், அடை குழம்பிவிடும். இதையும் கலைத்துவிடலாமா என்று பறவைக்கார மனிசியைக் கேட்டேன். வேண்டாம், தானாகத்தான் எழும்பவேண்டும் என்றார். சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. பார், தாய் என்றால் இப்படித்தான், ஊரே சொன்னாலும் விட்டுக் கொடுக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

மே பதினேழாம் திகதி நோர்வேக்காரருக்குத் தேசிய நாள். பிள்ளைகள் கொடியோடு ஏரிக்கரையால் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். வாத்து கிடந்த இடத்தை விட்டு அசையவில்லை. அடுத்த நாள் எங்கள் சனம் சண்டையில் போனவர்களுக்கு விளக்கேற்றும் நாள். ஸ்ட்ரோம்மன் பக்கம் ஒரு மண்டபத்தில் கூடினோம். வருடா வருடம் நான் போவேன், பின் வரிசையில் இருப்பேன், விளக்கேற்ற மட்டும் எழும்பமாட்டேன். ஏற்றினால் ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்த முறை என் மூத்த மகள் மெழுகுதிரியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். திரி கீழே விழுந்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் குனிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வரும்போது அவள்தான் கார் ஓட்டினாள். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும் இவள் பின் சீட்டில் இருந்தாள். பெரிய கடைத்தொகுதியின் கார்த் தரிப்பிடத்துக்குள் திருப்பி, காரை நிறுத்தினாள் மகள். கடைக்கு ஏதும் போகப்போகிறாள் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை.

"ஒரு மெழுகுதிரிதானே அம்மா. அதைக் கையிலை வாங்கினால் என்ன?"

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆர் விளக்குக் கொளுத்துறது?"

"இருந்தால் இவ்வளவு வருசத்திலை அண்ணா ஒரு போன் எடுக்கமாட்டாரோ?"

"எடுக்க ஏலாத இடத்திலை இருப்பான்."

"சரி, இருக்கட்டும். உங்களுக்கு அண்ணா இருக்கிறார். எங்களுக்கு?" என்றாள். "நான் அண்ணாவுக்கெண்டு ஒரு நாளும் அழேல்லை, தெரியுமோ உங்களுக்கு? அழ வாயெடுத்தால், 'பொத்தடி வாயை, அவன் வருவான்' எண்டுவியள். துரொண்ட்ஹெய்மிலை தம்பிக்கு மகன் பிறந்தநேரம் அண்ணாவின்ரை பேரை வைக்கக் கேட்டவன். இருக்கிற ஆளின்ரை பேரை வைக்கப்படாதெண்டு மறிச்சனியள். அப்பா சாகேக்கையும் அண்ணாவின்ரை பேரைச் சொல்லி அழ அவரை விடேல்லை. நீங்கள் காத்திருங்கோ அம்மா. ஆனால் எங்களை அழவாவது விடுங்கோ."

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் வண்டில்களில் சாமான் தள்ளிக்கொண்டு போனது.   எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவளுக்குத் தெரியாதது கூடப் பிறந்தவளுக்கா தெரியும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை ஏரிக்குப் போனேன். மற்ற வாத்துகளின் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கிவிட்டன. எண்ணெய் பூசாமல் விட்ட கூடுகளும் அங்குமிங்கும் இருந்தன. மஞ்சள் பஞ்சு உருண்டைகள் போல வரிசையாகத் தாய்க்குப் பின்னால் நீந்தின. எங்கள் பேட்டுவாத்து மட்டும் திட்டில் கிடந்தது. பறவைக்கார மனிசி தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போல, பாவம் அது என்றேன்.

"ஓம்," என்றார் அவர். "ஆனால் மற்றதைப் பாருங்கோ. நல்லா மெலிஞ்சு போச்சு." தொலைநோக்கியை என் கண்ணில் வைத்துவிட்டார்.

ஆண்வாத்து பாலத்தடியில் நின்றது. அதை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. நெஞ்சிறகு கலைந்து, கழுத்து இறங்கி, ஆள் பாதியாகிவிட்டது. சுற்றிவர நல்ல புல். மற்றதெல்லாம் மேய்கின்றன. இது குனிந்து ஒரு வாய் வைக்கும். அதற்குள் யாரோ நாயோடு வருவார்கள். நிமிர்ந்து, சீறிக்கொண்டு ஓடும். திரும்பி வந்து நிற்கும். முட்டைக்கு உள்ளே என்ன என்று அதற்குத் தெரியாது. அது முட்டைக்குக் காவல் நிற்கவில்லை. கிடக்கிறவளுக்குக் காவல் நிற்கிறது.

இத்தனை நாளும் நான் பேட்டுவாத்தை மட்டுந்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பசியோடு நின்றதை நான் எண்ணவே இல்லை.

வாங்கில் இருந்தேன். என் கணவரின் முகம் வந்தது. மகளின் முகம் வந்தது. துரொண்ட்ஹெய்மில் இருக்கும் மகன், ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு, நான் பார்க்கிறேன் என்றதும் பேப்பரை எடுத்து விரிப்பானே, அதுவும் வந்தது. பறவைக்கார மனிசி பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றித் தந்தார். சீனி போடாத கோப்பி. குடித்தேன்.

வாத்து எழும்பியது ஜூன் மாதத்தில். நான் பார்த்துக்கொண்டு நின்றபோதே நடந்தது. எழும்பி நின்றது. அலகால் முட்டைகளை இன்னொருமுறை புரட்டியது. நாலடி நடந்து, திரும்பி வந்து பார்த்தது. பிறகு சரிவில் இறங்கித் தண்ணீரில் தலையை அமிழ்த்தி அமிழ்த்திக் குளித்தது. சத்தம் போடவில்லை. ஆண்வாத்து அதன் பின்னாலே போகும் என்று நினைத்தேன். போகவில்லை. நின்ற இடத்திலேயே குனிந்து புல்லை மேயத் தொடங்கியது. தலையை நிமிர்த்தாமல், நாய் குரைத்தும் பார்க்காமல், மேய்ந்துகொண்டே இருந்தது.

பறவைக்கார மனிசி கூட்டுக்குப் போய், முட்டைகளை எடுத்து ஒரு பைக்குள் வைத்தார். ஒன்றை என் கையில் தந்தார். நல்ல கனம். எண்ணெய்ப் பசை இன்னும் இருந்தது. இவ்வளவு நாள் தாயின் சூட்டில் இருந்த முட்டை, கையில் வைத்திருக்க வைத்திருக்கக் குளிர்ந்துகொண்டே வந்தது. திரும்பக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகளுக்கு ரெலிபோன் எடுத்தேன். "ஐயரைக் கேட்டு நாள் பார்" என்றேன்.  "என்னம்மா, உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்டும் இல்லை. செய்யிறதைச் செய்யுங்கோ. நான் வந்து இருப்பன். ஆனால் படத்தை மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது."

அந்தியேட்டி நடந்தது. நாலு பிள்ளைகளும் வந்தார்கள். ஐயர் தர்ப்பையை முடிந்து வைத்து அவனுடைய பெயரைச் சொன்னதும், ஐம்பது தாண்டின என் மகள் சின்னப் பிள்ளை மாதிரி நிலத்தில் இருந்து அழுதாள். துரொண்ட்ஹெய்ம் மகன் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதான். பகிடி விடுகிற இளையவனும் அழுதான். "அண்ணா" என்ற சொல்லை என் வீட்டார் வாய்விட்டுச் சொல்லி நான் எவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்கிறேன் என்று நினைத்தேன். நான் அழவில்லை. ஆனால் பொத்து வாயை என்றும் சொல்லவில்லை.

காகத்துக்கு வைக்கிற சோற்றை ஏரிக்குத்தான் கொண்டுபோனோம். சட்டப்படி ஒரு பிடிதான். மகள் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். காகம் எடுக்காமல் விட்டால், அவன் இருக்கிறான் என்று பிடித்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் எனக்கு ஓர் ஆசை. எடுத்தால்? சாம்பல் காகம் ஒன்று இறங்கி வந்து பாலத்தின் கைப்பிடியில் இருந்தது. அது கல்லை நோக்கித் தாவியபோது நான் முகத்தைத் திருப்பி ஏரியைப் பார்த்துக்கொண்டேன். இறகடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மகள் என் தோளில் கை வைத்தாள். எடுத்ததா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவனுடைய படம் இன்னமும் சோக்கேசின் மேல், இருக்கிறவர்களோடுதான் நிற்கிறது. மாலை இல்லை. ஆனால் இப்போது பிள்ளைகள் வந்தால் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். அவன் செய்த குழப்படிகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், சில வேளை கண்ணைத் துடைக்கிறார்கள். நான் குசினிக்குப் போவதில்லை. இருந்து கேட்கிறேன். பறவைக்கார மனிசியோடு இன்றைக்கும் ஏரிக்குப் போகிறேன். கண்டதைச் சொல்கிறேன், காணாததைக் காணவில்லை என்று சொல்கிறேன். காத்திருப்பது என் உரிமை, அதை யாருக்கும் நான் கொடுக்கவில்லை. ஆனால் காத்திருக்கிறவளுக்குப் பக்கத்தில் யார் பசியோடு நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதை எழுபத்தேழு வயதில் ஒரு வாத்திடமிருந்துதான் நான் அறிந்துகொண்டேன்.

போதும் பிள்ளை, பேனையை வை. கண்ணைத் துடைச்சுப்போட்டு, துவக்கத்திலையிருந்து ஒருக்கா வாசி, கேப்பம். பெத்தது ஐந்து எண்டுதானே எழுதியிருக்கிறாய்?